ஓட ஆரம்பிக்கும் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

நான் பயிற்சியாளர் இல்லை. புதுக்கோட்டையில் 15 வயதில் ஓடத் தொடங்கி, இன்றுவரை விடாமல் ஓடுகிறவள். காலை ஐந்தரைக்கு கிரவுண்டுக்குப் போனால் நான்கைந்து பிள்ளைகள் சேர்ந்துகொள்வார்கள். கூட்டிவந்த அம்மாவோ அப்பாவோ கேலரியில் உட்கார்ந்திருப்பார். ஆளும் வயதும் மாறினாலும் சந்தேகங்கள் மட்டும் மாறுவதே இல்லை. அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். வலி, நோய் பற்றிய இடங்களில் மருத்துவர் சொல்வதே கடைசி வார்த்தை.

1. அக்கா, எனக்கு ஓடவே வராது. 100 மீட்டர்ல எப்பவும் நான்தான் கடைசி. நான்லாம் ஓடலாமா?

முதலில் பதில் சொல்ல வேண்டியது இந்தக் கேள்விக்குத்தான். பள்ளியில் நம்மை ஓடவைத்துப் பார்ப்பது பெரும்பாலும் ஆண்டு விழாவுக்கு முன்னால், 100 மீட்டரில். அதில் பின்தங்கினால் "இவளுக்கு ஓட வராது" என்று மற்றவர்களும் நாமும் சேர்ந்து முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் 100 மீட்டரும் 1500 மீட்டரும் வேறு வேறு வேலைகள். ஒன்றுக்கு வெடித்துக் கிளம்பும் தசை வேண்டும். மற்றதற்குச் சோராமல் வேலை செய்யும் தசையும், இதயமும், நுரையீரலும் வேண்டும். ஒன்றில் கடைசியாக வருகிறவர் மற்றதில் நன்றாக ஓடுவது சாதாரணமாக நடப்பதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் 14 வயதுக்கு உட்பட்டோருக்கு 600 மீட்டர்தான் அதிக தூரம். 1500, 3000 எல்லாம் 17 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில்தான் வரும். அதாவது நீண்ட தூரம் தனக்கு வருமா என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே ஒன்பதாம், பத்தாம் வகுப்பில்தான் கிடைக்கிறது.

என் கதை இதுதான். குறுவட்டப் போட்டிக்கு 1500 மீட்டருக்குப் பெயர் கொடுக்க எங்கள் பள்ளியில் ஒரு பெண்ணும் முன்வரவில்லை. பி.டி. டீச்சர் என் பெயரை எழுதிவிட்டார். 200 மீட்டர் சுற்றளவுள்ள மைதானம், ஏழரை ரவுண்டு. முதல் ரவுண்டில் நான் கடைசி. நான்காவது ரவுண்டில் முன்னால் பாய்ந்தவர்கள் ஒவ்வொருவராக இடுப்பில் கைவைத்து நடக்க ஆரம்பித்தார்கள். நான் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். கடைசி ரவுண்டுக்கு மணி அடித்தபோது, அதற்குள்ளாகவா என்றுதான் தோன்றியது. நான்காவதாக வந்தேன், சான்றிதழ் கிடையாது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்த ஏழரை ரவுண்டை மனசுக்குள் இன்னொரு முறை ஓடினேன். மறுநாள் காலை யாரும் சொல்லாமலே எழுந்து கண்மாய்க் கரைக்குப் போனேன்.

2. ரெண்டு நிமிஷத்துல மூச்சு வாங்குது. எனக்கு ஸ்டாமினாவே இல்லையா?

ஸ்டாமினா இல்லை என்று அர்த்தமில்லை, வேகம் அதிகம் என்று அர்த்தம். புதிதாக ஓட வருகிற எல்லோருமே தேவைக்கு மேல் வேகமாகத்தான் கிளம்புகிறார்கள். ஓடும்போது பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடியவேண்டும். அதுதான் சரியான வேகம். தனியாக ஓடினால் ஒரு திருக்குறளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஏழு சீரும் தடையில்லாமல் வந்தால் சரி. நடுவில் அறுந்தால் வேகத்தைக் குறையுங்கள். நடக்கிறவர் உங்களைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை.

முதல் வாரம் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. இப்படி 8 முறை, மொத்தம் 24 நிமிடம். வாரத்துக்கு 3 நாள் போதும், இடையில் ஒருநாள் ஓய்வு. அடுத்தடுத்த வாரங்களில் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டி நடையைக் குறையுங்கள். இரண்டு மாத வாக்கில் பெரும்பாலான பிள்ளைகள் 20 நிமிடம் நிற்காமல் ஓடிவிடுகிறார்கள். உள்ளே நடப்பது இதுதான்: இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தத்தின் அளவு கூடுகிறது, தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. இரண்டும் நிதான ஓட்டத்திலேயே நன்றாக நடக்கும்.

மூக்கால் மட்டும்தான் மூச்சு விடவேண்டும் என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். மூக்கு, வாய் இரண்டையும் பயன்படுத்தலாம். ஆனால் நிதானமாக ஓடும்போதும் நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, வீசிங் சத்தம் கேட்டாலோ அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

3. ஷூ வாங்க காசில்ல. வெறுங்கால்ல ஓடலாமா?

ஓடலாம், எங்கே ஓடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து. மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியை அவருடைய பாட்டிதான் வளர்த்தார். ஷூ வாங்க வசதி இல்லாமல் ஆரம்பத்தில் வெறுங்காலில்தான் ஓடினார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு 4×400 தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலிலேயே வென்றார். அவரே 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டும் வென்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

செம்மண் மைதானம், புல்தரை, ஈர மணல் என்றால் வெறுங்கால் நல்லது. முள்ளும் கண்ணாடிச் சில்லும் இருக்கிறதா என்று முதலில் ஒரு ரவுண்டு நடந்து பார்த்துவிடுங்கள். தார் ரோடு வேண்டாம், அதுவும் வெயில் ஏறியபின் வேண்டவே வேண்டாம். ஷூ வாங்க முடிந்தால் ரன்னிங் ஷூவாக வாங்குங்கள். பள்ளிக்குப் போடும் கறுப்பு ஷூவில் ஓடினால் குதிகால் போய்விடும். கடைக்குச் சாயங்காலம் போங்கள், பகல் முழுக்க நடந்தபின் பாதம் கொஞ்சம் பெரிதாகியிருக்கும். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கட்டும். விலை கூடிய ஷூ வேகத்தைக் கொடுக்காது, அளவு சரியாக இருப்பதுதான் முக்கியம்.

4. எங்க ஊர்ல கிரவுண்டே கிடையாது. ரோட்டுல ஓடினா நாய் துரத்துது.

கண்மாய்க் கரை, வயல் வரப்பை ஒட்டிய மண்பாதை, ரயில் நிலையத்துக்குப் போகும் ஆளில்லாத சாலை என்று 500 மீட்டர் நீளத்துக்கு ஓர் இடம் இருந்தாலே போதும், போய்ப் போய்த் திரும்பலாம். ரோட்டில்தான் ஓடவேண்டும் என்றால் வலது ஓரமாக, எதிரே வண்டி வருவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஓடுங்கள். இருட்டில் வெளிர் நிறச் சட்டை போடுங்கள். காதில் இயர்போன் வேண்டாம்.

நாய் ஓடுகிறவரைத்தான் துரத்தும். குரைத்துக்கொண்டு வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, அதன் கண்ணைப் பார்க்காமல், முதுகு காட்டாமல், மெதுவாக நடந்து விலகுங்கள். ஒரே தெருவில் தினமும் ஒரே நேரத்துக்குப் போனால் சில வாரத்தில் அவை நம்மைப் பழகிக்கொள்ளும். கடித்தாலோ பல் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் திட்டுவார்கள் என்று மறைக்கவே கூடாது.

5. காலையிலதான் ஓடணுமா?

நம் ஊர் வெயிலுக்குக் காலை வசதி, அவ்வளவுதான். பங்குனி, சித்திரையில் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஆனால் இரவு பன்னிரண்டு வரை போனைப் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு எழுந்து ஓடுவதில் பயனில்லை. உங்கள் வயதுக்கு 8 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். அது கிடைக்காத நாளில் சாயங்காலம் ஓடுங்கள்.

6. ஓடுறதுக்கு முன்னாடி என்ன சாப்பிடணும்? புரோட்டீன் பவுடர் வாங்கணுமா?

காலையில் அரை மணி நேரம் நிதானமாக ஓட ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் தண்ணீரும் போதும். வயிறு நிறையச் சாப்பிட்டால் இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து ஓடுங்கள். முடித்து வந்ததும் வீட்டில் இருப்பதையே நிறைவாகச் சாப்பிடுங்கள்: இட்லி, பழைய சோறு, முட்டை, சுண்டல், கடலை மிட்டாய். வெயில் காலத்தில் உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் நல்லது. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் குடித்த தண்ணீர் போதவில்லை.

பவுடர் வேண்டாம். அந்தக் காசுக்கு முட்டையும் பயறும் வாங்குங்கள். இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, 13ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

7. ஓடும்போது விலாவுல பிடிச்சுக்குது. ஏன்?

பயப்படும் விஷயம் இல்லை. சாப்பிட்ட உடனே ஓடும்போதும், சர்க்கரை கூடிய பானம் குடித்துவிட்டு ஓடும்போதும், சட்டென்று வேகமெடுக்கும்போதும் வரும். வேகத்தைக் குறைத்து, பிடித்த இடத்தைக் கையால் அழுத்தி, ஆழமாக மூச்சை வெளியே விடுங்கள். பழகப் பழகக் குறைந்துவிடும்.

8. முட்டிக்குக் கீழ எலும்புல வலிக்குது. வலியோட ஓடினாத்தான் பழகும்னு சொல்றாங்களே?

அப்படிச் சொல்கிறவர்கள் தசை வலியையும் எலும்பு வலியையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். தொடையும் கெண்டைக்காலும் மறுநாள் இறுகி வலிப்பது சாதாரணம், இரண்டு மூன்று நாளில் போய்விடும். முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்விளிம்பில் நீளவாக்கில் வலித்தால், திடீரென்று தூரத்தைக் கூட்டியிருப்பீர்கள், அல்லது தார் ரோட்டுக்கு மாறியிருப்பீர்கள். ஒன்றிரண்டு வாரம் ஓய்வெடுங்கள். திரும்பும்போது மண்தரையில், பாதித் தூரத்திலிருந்து தொடங்குங்கள். ஒரே புள்ளியில், விரலால் தொட்டால் சுரீரென்று வலித்தால், அல்லது படுத்திருக்கும்போதும் வலித்தால் அது எலும்பில் விழுந்த நுண்விரிசலாக இருக்கலாம். அதோடு ஓடக்கூடாது. எலும்பு மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும்.

வேகமாக வளரும் வயதில் முட்டிச் சிப்பிக்குச் சற்றுக் கீழே ஒரு மேடு தட்டி வலிப்பதும் உண்டு. தொடைத் தசையின் நாண் இன்னும் முதிராத எலும்பை இழுப்பதால் வருவது. வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் தானாகச் சரியாகும். அதுவரை வலிக்கு ஏற்றபடி ஓட்டத்தைக் குறைக்க வேண்டும்.

நான் 16 வயதில் புள்ளி வலியோடு மூன்று வாரம் ஓடினேன், மாவட்டப் போட்டி நெருங்கியது என்பதற்காக. அந்தப் போட்டியிலும் ஓட முடியவில்லை, அப்புறம் நான்கு மாதம் மைதானத்துப் பக்கமே போக முடியவில்லை. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

9. வளர்ற வயசுல ஓடினா உயரம் நின்னுடாதா? முட்டி தேஞ்சிடாதா? (கேலரியிலிருந்து ஓர் அப்பா)

உயரம் நிற்காது. உயரத்தைத் தீர்மானிப்பது பரம்பரையும் சாப்பாடும் தூக்கமும். முட்டித் தேய்மானம், அளவாக ஓடுகிறவர்களுக்கு ஓடாதவர்களைவிடக் கூடுதலாக வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. வளரும் எலும்பு, தாங்கும் அளவுக்கு வேலை கொடுத்தால் உறுதிப்படவே செய்யும். தாங்கும் அளவு எது என்று 8ஆம் பதிலில் சொன்ன வலிகள் காட்டிக்கொடுக்கும்.

10. பீரியட்ஸ் டைம்ல ஓடலாமா அக்கா?

ஓடலாம். கர்ப்பப்பை இறங்கிவிடும், பின்னால் குழந்தை பிறக்காது என்று சொல்வதில் உண்மை இல்லை. லேசான ஓட்டத்தில் வயிற்றுவலி குறைந்ததாகச் சொல்லும் பிள்ளைகளும் உண்டு, அன்றைக்கு ஓடவே முடியாத பிள்ளைகளும் உண்டு. உடம்பு சொல்வதைக் கேளுங்கள்.

நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு. நன்றாக ஓடும் பெண்ணுக்குத் தொடர்ந்து மூன்று மாதம் மாதவிலக்கு வராமல் போனால், "ஓடுறதால அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. ஓட்டத்துக்கு ஈடாகச் சாப்பாடு போகவில்லை என்று உடம்பு சொல்கிறது. எலும்பும் அதோடு பலவீனமாகும், 8இல் சொன்ன நுண்விரிசல் இப்படித்தான் பல பெண்களுக்கு வருகிறது. மெலிந்தால் வேகம் கூடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அப்புறம் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 59 பேருக்கு அது இருக்கிறது. எவ்வளவு பயிற்சி எடுத்தும் முன்னேற்றமே இல்லை, மாடிப்படி ஏறினாலே இரைக்கிறது என்றால் முதலில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள். அரசுப் பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள். சாப்பாட்டோடு டீ குடிப்பதை நிறுத்தி, நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும்.

11. ஷார்ட்ஸ் போட்டு ஓடினா ஊர்ல பேசுவாங்க. வீட்டுல விட மாட்டேங்கிறாங்க.

சுடிதார் பேண்ட், டி-ஷர்ட்டோடு ஓடுங்கள், துப்பட்டாவை மட்டும் வீட்டில் வைத்துவிடுங்கள். நான் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் ஓடினேன். நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா மட்டும் கட்டாயம், ஷூவுக்கு முன்னால் அதை வாங்குங்கள். தனியாக விடமாட்டார்கள் என்றால் இரண்டு மூன்று பேராகச் சேருங்கள். 2ஆம் பதிலில் சொன்ன பேச்சு வேகத்துக்கும் அது உதவும்.

வீட்டாருக்கு ஒன்று சொல்கிறேன். இந்தப் புதுக்கோட்டை மண்ணிலிருந்துதான் சாந்தி சவுந்தரராஜன் போய் 2006இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் இரண்டாவதாக வந்தார். பாலினப் பரிசோதனையைக் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். எங்களுக்கு அவர் இன்றும் தோஹாவில் இரண்டாவதாக வந்த அக்காதான். இங்கிருந்துதான் சூர்யா என்ற பெண் போய் 2016 தெற்காசிய விளையாட்டில் 5000, 10000 இரண்டிலும் தங்கம் வாங்கினார். அவர்களும் நாலு பேர் பேசுகிற ஊரில்தான் ஓடினார்கள்.

12. பத்தாவது படிக்கிற பிள்ளை. ஓட விட்டா படிப்பு கெடாதா? இதுல வேலை கிடைக்குமா?

வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு 40 நிமிடம் என்றால் மூன்று மணி நேரம்கூட ஆகாது. பொதுத்தேர்வு மாதத்தில் அதையும் பாதியாக்கலாம். ஆனால் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். தூக்கமும் பசியும் சரியாக இருப்பதற்கே அந்த அரை மணி நேரம் தேவை. பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் உள்ள பள்ளி என்றால், பிள்ளைக்கு அந்த நாளில் கிடைக்கும் ஓட்டம் இது ஒன்றுதான்.

வேலை என்று கேட்டால், தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வேயும் ராணுவமும் ஓட்டக்காரர்களை எடுக்கின்றன. எங்கள் பக்கத்து லட்சுமணன் 2017இல் புவனேஸ்வர் ஆசியத் தடகளத்தில் 5000, 10000 இரண்டிலும் தங்கம் வென்றார், அவரும் ராணுவத்துக்காரர். ஆனால் அந்த அளவுக்கு வருகிறவர்கள் மிகச் சிலரே. ஒதுக்கீட்டை நம்பி மட்டும் பிள்ளையை ஓடவிடாதீர்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்திலும் ஓடவேண்டும். 2ஆம் பதிலில் சொன்னபடி ஆரம்பித்த பிள்ளைக்கு இது சில மாதத்தில் எட்டிவிடக்கூடியதுதான்.

13. போட்டிக்கு முன்னாடி ஒருத்தர் ஊசி போட்டுக்கிட்டா நல்லா ஓடலாம்னு சொன்னார். போடலாமா?

கூடாது. அவரைப் பற்றி அன்றைக்கே வீட்டிலும் பள்ளியிலும் சொல்லுங்கள். ஊக்கமருந்துப் பரிசோதனை இளையோர் போட்டிகளிலும் நடக்கிறது. விதிப்படி உங்கள் உடம்பில் இருப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு. "சார் கொடுத்தார், என்னவென்று தெரியாது" என்பதால் மட்டும் தப்ப முடியாது. சில பவுடர்களில் லேபிளில் எழுதாத பொருள் கலந்திருப்பதால்தான் 6இல் வேண்டாம் என்றேன். வளரும் உடம்பில் ஹார்மோன் ஊசி செய்யும் கேடு, தடைக்காலம் முடிந்தபின்னும் தீராது.

14. 1500 மீட்டர்ல முதல் ரவுண்டு முன்னாடி போறேன், கடைசியில எல்லாரும் தாண்டிடுறாங்க.

கணக்குப் போட்டு ஓடுங்கள். 6 நிமிடத்தில் முடிக்க நினைத்தால் 400 மீட்டருக்கு 96 விநாடி, 200 மீட்டர் மைதானத்தில் ரவுண்டுக்கு 48 விநாடி. நீங்கள் முதல் ரவுண்டை 38 விநாடியில் போகிறீர்கள். அங்கே மிச்சம் பிடித்த 10 விநாடிக்கு, ஐந்தாவது ரவுண்டிலிருந்து வட்டியும் முதலுமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பயிற்சியில் 48 விநாடி எப்படி இருக்கும் என்று காலுக்குப் பழக்குங்கள். முதல் இரண்டு ரவுண்டு "இவ்வளவு மெதுவாகவா" என்று தோன்றவேண்டும். கஷ்டப்பட வேண்டியது ஐந்தாவது, ஆறாவது ரவுண்டில். கைதட்டலும் கேட்காது, முடிவும் கண்ணுக்குத் தெரியாது என்பதால் எல்லோரும் வேகம் குறைவது அங்கேதான்.

15. எனக்கு 16 வயசு. மாரத்தான் ஓடலாமா?

42.195 கிலோமீட்டர் முழு மாரத்தானுக்குப் பெரும்பாலான போட்டிகளில் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். வயதை மாற்றிச் சொல்லிப் பதிவு செய்யாதீர்கள். 5 கிலோமீட்டர், பழகியபின் 10 கிலோமீட்டர் ஓடுங்கள். இந்த வயதில் கிடைக்கும் வேகம் பின்னால் கிடைப்பது கடினம், தூரம் எப்போதும் கிடைக்கும்.

16. மாவட்டத்துல தோத்துட்டேன். இப்ப கிரவுண்டுக்கு வரவே பிடிக்கல.

இதை ஒரு பெண் என்னிடம் கேட்காமல், மூன்று வாரம் வராமல் இருந்தே கேட்டாள். வீட்டுக்குப் போய்ப் பேசினேன். ஓட்டம் பிடிக்காமல் போகவில்லை, ஸ்டாப் வாட்ச் பிடிக்காமல் போயிருந்தது. ஒரு வருடமாக அவள் ஓடிய ஒவ்வொரு ஓட்டத்தையும் யாராவது ஒருவர் நேரம் குறித்திருக்கிறார்கள்.

ஒரு மாதம் வாட்ச் இல்லாமல் ஓடச் சொன்னேன், மைதானத்தில் இல்லை, கரையில். கூட ஓடியபோது, குளத்தில் எத்தனை நாரை நிற்கிறது என்று எண்ணிக்கொண்டு வந்தாள். அப்புறம் மைதானத்துக்கு வந்தாள். இந்த வருடம் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை, ஆனால் வாரத்தில் நான்கு நாள் வருகிறாள். திரும்பப் போட்டியில் ஓடுவாளா என்று அவள் அப்பா கேட்கிறார். அது அவளாகச் சொல்ல வேண்டிய பதில், நான் கேட்கப் போவதில்லை.

17. தினமும் இங்க சும்மாதான் உக்காந்திருக்கேன். நானும் ஓடலாமாம்மா? எனக்கு 43 வயசு. (கேலரியிலிருந்து ஓர் அம்மா)

வாங்கக்கா. சர்க்கரை, பிரஷர், நெஞ்சுவலி ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். சேலை வேண்டாம், சுடிதார் போதும். முதல் வாரம் நடை மட்டும், இரண்டாவது வாரத்திலிருந்து 2ஆம் பதிலில் இருக்கும் 1 நிமிடம், 2 நிமிடக் கணக்கு. மகள் உங்களைத் தாண்டி ரவுண்டு ரவுண்டாகப் போவாள், அதைப் பார்த்து வேகத்தைக் கூட்டாதீர்கள். காலை ஐந்தரைக்கு வடக்கு கேட் திறந்திருக்கும்.